பெஞ்சு மேல் ஏறியவர்

கொங்கு நாட்டுக்காரர்களுக்கும் பட்டாளத்துக்கும் வெகு தூரம் என்று ஒரு பேச்சு உண்டு. வேலூர்ப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ராணுவத்தில் இருப்பவர்களும் இருந்து திரும்பியவர்களும் நிறைந்த காரணத்தால் ஊருக்கே ராணுவப்பேட்டை என்று பெயர் வந்துவிட்டது. அப்படி ஓர் ஊரைக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலோ ஈரோட்டுப் பக்கத்திலோ காட்டச் சொன்னால் நம்மவர்கள் தலையைச் சொறிவார்கள். "நமக்கெதுக்குங்க அந்த வம்பு? தோட்டம் இருக்குது, கெணறு இருக்குது, நாலு மாடு இருக்குது. பையன் பட்டாளத்துக்குப் போயிட்டா யாருங்க பொண்ணு குடுப்பாங்க?" என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கோயம்புத்தூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் பட்டாளத்தின் மேல் முட்டிக்கொள்ளாமல் போக முடியாது. தெற்கே மதுக்கரையில் ராணுவ முகாம். கிழக்கே சூலூரில் விமானப் படைத்தளம். ஊருக்கு நடுவிலேயே ரெட்பீல்ட்ஸில் விமானப் படையின் நிர்வாகக் கல்லூரி. வடக்கே மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம். அதற்குப் பக்கத்திலேயே முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'பட்டாளமா, அது யாரோ வடக்கத்திக்காரர்கள் சமாசாரம்' என்று நாம் பருத்தி விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மாடு மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் உருவத்தைச் செதுக்கி, பொங்கல் வைத்துக் கும்பிட்ட நாடு இது. இன்றும் அண்ணன்மார் சாமி திருவிழாவில் படுகளம் என்று ஒன்று நடத்துகிறார்கள். வாலிபர்கள் போரில் மாண்டவர்களைப்போல் வரிசையாக விழுந்து கிடப்பார்கள். பிறகு தங்கை தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புவாள். பார்த்தவர்களுக்குத் தெரியும், உடுக்கைச் சத்தம் நின்று அந்தத் தண்ணீர் விழுகிற வரைக்கும் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழாது. சங்ககிரிக் கோட்டையில் 1805-ம் வருஷம் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு ஒவ்வோர் ஆடி மாதமும் மாலை போடத் தவறுவதில்லை. செத்த வீரனைக் கொண்டாட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிரோடு திரும்பி வருகிறவனை என்ன செய்வது என்பதுதான் நமக்குப் புரிபடாத விஷயம்.

நம்மைப் பட்டாளத்திலிருந்து பிரித்து வைத்ததில் வெள்ளைக்காரனுக்கும் பங்கு உண்டு. 1758-ல் தோன்றிய படை என்று மதராஸ் ரெஜிமெண்ட் பெருமை பேசிக்கொள்கிறது. தேசத்துத் தரைப்படை ரெஜிமெண்டுகளில் அதுதான் பழையது. தென்னாட்டுச் சிப்பாய்களை வைத்துத்தான் கும்பெனியார் பாதித் தேசத்தைப் பிடித்தார்கள். 1857-க்குப் பிறகு அவர்கள் புத்தி மாறியது. பிரெடரிக் ராபர்ட்ஸ் என்ற தளபதி 1881-லிருந்து 1885 வரை மதராஸ் ராணுவத்துக்குத் தலைவராக இருந்தார். நீண்ட காலம் சண்டை இல்லாமல் சுகமாக இருந்ததால் தெற்கத்தியான் போர்க்குணத்தை இழந்துவிட்டான் என்று அவர் தீர்ப்பு எழுதினார். போர் செய்யப் பிறந்த ஜாதிகள் என்று வடக்கே சிலரைப் பொறுக்கி எடுத்தார்கள். இங்கே ஒவ்வொரு பட்டாளமாகக் கலைத்தார்கள். 1928-க்குள் மதராஸ் காலாட்படை அநேகமாக மறைந்தே போயிற்று. இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆள் போதாமல் போனபோது அதே தெற்கத்தியானுக்குத் திடீரென்று போர்க்குணம் திரும்பி வந்துவிட்டது!

அந்த யுத்த காலத்தில் கொங்கு நாடு பட்டாளத்துக்குக் கொடுத்த மரியாதை வேறு மாதிரி. 1942 ஆகஸ்டு 26-ம் தேதி இரவு, சூலூரில் கட்டிக்கொண்டிருந்த ராணுவ விமானத்தளத்துக்குச் சுற்று வட்டாரத்துக் கிராமத்து ஜனங்கள் தீ வைத்தார்கள். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. அப்புறம் போலீஸ், தடியடி, ஜெயில். எரித்தவர்களில் மீசை முளைக்காத பையன்களும் உண்டு. முப்பது வருஷம் கழித்து, 1972-ல், சுதந்திரத்தின் வெள்ளி விழாவில் நாடெங்கும் தியாகிகளுக்குத் தாமிரப் பத்திரம் கொடுத்தார்கள், ஓய்வூதியமும் ஏற்பட்டது. அதற்குள் பாதிப் பேர் கண்ணை மூடிவிட்டார்கள். அரசாங்கத்து மரியாதை எப்போதும் பாசஞ்சர் வண்டியில்தான் வரும்.

இனி நான் சொல்ல வந்த பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் ஆனைமலை அடிவாரத்தில் அமராவதி அணை. 1957-ல் கட்டி முடித்தது. அணையோடு பிறந்த குடியிருப்புக்கு அமராவதி நகர் என்று பெயர். தென்னந்தோப்பு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, அணையில் முதலைகள் என்று இருக்கும் அந்த இடத்தில் 1962 ஜூலை 16-ம் தேதி ஸைனிக் பள்ளி திறந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனோனின் யோசனை அது. ராணுவ அதிகாரி என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளை, அல்லது சில குறிப்பிட்ட மாகாணத்துப் பிள்ளை என்று இருந்த நிலையை மாற்ற வேண்டும். குடியானவன் மகனும் குமாஸ்தா மகனும் அதிகாரியாக வேண்டும் என்று 1961-ல் மகாராஷ்டிரத்து சதாராவில் தொடங்கிய வரிசையில் நம்முடையதும் ஒன்று. ராபர்ட்ஸ் துரை எழுதிவைத்த தீர்ப்புக்கு எண்பது வருஷம் கழித்து ஓர் அப்பீல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அக்டோபர் 20-ம் தேதி சீனா படையெடுத்தது. என் சிநேகிதர் ஒருவர் முதல் வருஷத்து மாணவர். அப்போது பத்து வயது. இன்று கோயம்புத்தூரில் பஞ்சு வியாபாரம் செய்கிறார். அந்த வாரத்தில் அவருடைய அப்பாரு தாராபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, தலைப்பாகையோடு பள்ளி வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க வாத்தியாரே, இந்தப் பொடியனுங்களையா சண்டைக்கு அனுப்பப் போறீங்க? எம் பேரனைக் குடுத்துருங்க" என்று மல்லுக்கு நின்றாராம். அவரைச் சமாதானப்படுத்திச் சாப்பாடு போட்டு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

என் சிநேகிதர் அதிகாரி ஆகவில்லை. பரீட்சையெல்லாம் தேறி, கடைசியில் டாக்டர் பாதத்தைப் பார்த்தார். தட்டைப் பாதம். பஞ்சு மூட்டைக்கே திரும்பிவிட்டார். அந்தப் பள்ளியின் உள் விஷயம் இதுதான்: அதிகாரிகளை உண்டாக்கவே ஏற்பட்ட பள்ளியில் படித்தவர்கள் பலர் அதிகாரி ஆகவில்லை. ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் காது, ஒருவருக்கு நேர்முகத் தேர்வு. அவர்கள் டாக்டரானார்கள், பாங்கி குமாஸ்தா ஆனார்கள், தோட்டம் பார்த்தார்கள். ஏழு வருஷம் ஒரே மணிக்கு எழுந்து ஒரே மைதானத்தில் ஓடியவர்கள், ஒரு காகிதத்தில் டாக்டர் போட்ட கையெழுத்தால் இரண்டாகப் பிரிந்தார்கள். நீங்கள் நினைப்பதுபோல் அவர்களுக்குள் பொறாமை வரவில்லை. வந்திருந்தாலும் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது வேறு.

2019-ல் அவர்கள் வகுப்பு பள்ளியை விட்டு ஐம்பது வருஷம் ஆயிற்று. எல்லாரும் அமராவதி நகரில் கூடினார்கள். என் சிநேகிதர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். "நீங்க கதை எழுதறவரு, வாங்க. ஆனா எங்க பேரைப் போட்டுறாதீங்க" என்று உடுமலைப்பேட்டையைத் தாண்டும்போது சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் பெயர்கள் இல்லை.

நம் ஊர்ப் பாராட்டு விழாக்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொன்னாடை ஒரு அடுக்கு, சந்தன மாலை ஒரு அடுக்கு. பாராட்டப்படுகிறவருக்கு வியர்த்து மயக்கம் வருகிற வரைக்கும் பேச்சு. இங்கே அதெல்லாம் இல்லை. பழைய வருகைப் பதிவுபோல் ஒரு ஜாபிதாவை வைத்துக்கொண்டு நம்பர் நம்பராகக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளியில் சேருகிற பையனுக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். அது சாகிற வரைக்கும் அவனுடையது. கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழேயும் அந்த நம்பரைப் போடுகிறவர்கள் உண்டு. இறந்துபோனவன் நம்பர் வந்தபோது மௌன அஞ்சலி செலுத்துவார்கள் என்று நான் எழுந்து நிற்கத் தயாரானேன். அவர்களோ சிரித்தார்கள். "இவன்தாண்டா தோப்புல இளநி திருடி மாட்டுனவன்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் அதை மறுத்து, திருடியது நான், அவன் காவல் நின்றவன் என்பார். ஒவ்வொரு செத்தவனுக்கும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. கதை முடிகிற நேரத்தில் மட்டும் குரல்கள் தணிந்தன.

கூட்டத்தில் ஒரு கர்னல் இருந்தார், ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர், அதிகம் பேசாதவர். அவருடைய முறை வந்தபோது யாரோ, "பஞ்சாப் கதை ஒண்ணு சொல்றா" என்றார்கள். அவர் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "நான் பஞ்சாபுல இல்லடா. யாழ்ப்பாணத்துல இருந்தேன்" என்றார்.

இங்கே பழைய சரித்திரத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1987 ஜூலை 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். அமைதிப் படை என்ற பெயரில் நம் ராணுவம் இலங்கைக்குப் போயிற்று. அக்டோபரில் புலிகளோடு யுத்தமே மூண்டுவிட்டது. 1990 மார்ச் 24-ம் தேதி கடைசிக் கப்பல் திருக்கோணமலையை விட்டுக் கிளம்பும்போது, நம்மவர்கள் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பாத கணக்கில் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். தமிழர், பம்பாயில் தென்னிந்தியர்கள் நடத்திய கல்விச் சங்கத்துப் பள்ளியில் படித்தவர். 1987 நவம்பர் 25-ம் தேதி யாழ்ப்பாணத்துக் கந்தரோடைக்கு அருகே, மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சண்டையிட்டு மாண்டார். அந்த யுத்தத்துக்காகப் பரம் வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். சென்னை சாலிகிராமத்தில் பரமேஸ்வரன் விஹார் என்று ராணுவத்தாரின் குடியிருப்பு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பரமேஸ்வரன்தான்.

சென்னைத் துறைமுகத்தில் படை வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் சுடப்பட்டு மாண்டதை எந்தத் தமிழன் மறக்க முடியும்? ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஒப்பந்தம் எழுதியவர்கள் அல்ல. போ என்றபோது போனார்கள், வா என்றபோது வந்தார்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

கர்னல் அப்போது மேஜர். அவருடைய படைப்பிரிவில் தமிழ் தெரிந்த அதிகாரி அவர் மட்டும்தான். வீடுகளைச் சோதனை போடும்போதெல்லாம் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். ஒரு கிழவி கதவைத் திறந்து, அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்களும் தமிழ் ஆக்கள்தானே தம்பி?" என்று கேட்டாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம். "அந்தத் தண்ணியக் குடிச்சனா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்லடா" என்றார் கர்னல்.

லீவில் ஊருக்கு வந்தபோது அவருடைய தகப்பனார் திண்ணையிலேயே நிறுத்தி, "எங்கிருந்தேன்னு எவன் கேட்டாலும் பஞ்சாபுன்னு சொல்லு சாமி" என்றாராம். மகனும் அப்படியே சொன்னார். டீக்கடையில் சொன்னார், பெண் வீட்டாரிடம் சொன்னார், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களிடமும் சொன்னார். இருபத்தொன்பது வருஷம் பஞ்சாபிலேயே இருந்துவிட்டார்.

ஒருவரும் பேசவில்லை. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் சிநேகிதர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நானே ஏதாவது சொல்லி நிலைமையைச் சரிப்படுத்தலாமா என்று யோசித்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து பாங்கி குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு குள்ள மனிதர் எழுந்தார்.

"பெஞ்சு மேல ஏறுடா" என்றார்.

கணக்கு வாத்தியார் அந்தக் காலத்தில் கர்னலை வாரத்துக்கு மூன்று நாள் பெஞ்சு மேல் ஏற்றுவாராம். எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. கர்னலுக்கு அறுபத்தேழு வயது, முழங்கால் வலி. "சும்மா இர்றா" என்று கையை ஆட்டினார். குமாஸ்தா விடவில்லை. "பொய் சொன்னவனுக்குத் தண்டனை அதுதான். ஏறு" என்றார். இரண்டு பேர் தோள் கொடுக்க, அவர் ஏறி நின்றார். கீழே இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள். அதில் பாதிப் பேர் சீருடையே போடாதவர்கள். ஆனாலும் ஏழு வருஷப் பழக்கம் உடம்பை விட்டுப் போகுமா? தட்டைப் பாதத்துக்காரர் உள்பட அத்தனை பேரும் சல்யூட் அடித்தார்கள். கர்னல் பதில் சல்யூட் அடிக்கவில்லை. மேலே இருந்த மின்விசிறி தலையில் இடித்துவிடுமோ என்று அண்ணாந்து பார்ப்பதுபோல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பிப்ரவரி 25-ம் தேதிதான் டில்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்திருந்தார்கள். சுதந்திர இந்தியாவுக்காக மாண்ட 25,942 பேருடைய பெயர்களை வட்டமான சுவர்களில் செதுக்கி வைத்தார்கள். இலங்கையில் விழுந்தவர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஆனால் அவர்களுக்கென்று தனியாக ஒரு நினைவுச் சின்னம் அதற்குப் பத்து வருஷம் முன்பே எழும்பிவிட்டது. எங்கே தெரியுமா? கொழும்புக்குப் பக்கத்தில். படையை வெளியே போகச் சொன்ன நாட்டில்! டில்லிக்கு முன்னால் கொழும்பு முந்திக்கொண்டதைக் கர்னலிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு காட்சியைக் கொங்கு நாடு பார்த்தது. 2021 டிசம்பர் 8-ம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் மலைச்சரிவில் விழுந்தது. முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவருடைய மனைவியுமாகப் பதின்மூன்று பேர் அன்றே மாண்டார்கள். மறுநாள் சவப்பெட்டிகளை ஏற்றிய ஆம்புலன்ஸ்கள் வெலிங்டனிலிருந்து மலை இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகச் சூலூருக்குப் போயின. யாரும் கூப்பிடவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் வந்து நின்று பூவைத் தூவினார்கள். 1942-ல் தீப்பந்தம் தூக்கிக்கொண்டு போன அதே சூலூருக்குப் போகிற வழி. எரித்தவர்களின் பேரன் பேத்திகளும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். இரண்டுமே தேசபக்திதான் என்று மேடையில் சொல்லிவிடலாம். நடுவில் எண்பது வருஷம் கிடக்கிறது.

விபத்தில் பிழைத்தவர் ஒருவர். குரூப் கேப்டன் வருண் சிங். அவரும் டிசம்பர் 15-ம் தேதி பெங்களூரில் காலமானார். தேஜஸ் விமானி. 2020 அக்டோபரில் பறந்துகொண்டிருக்கையில் கோளாறான விமானத்தை விட்டுக் குதிக்காமல் பத்திரமாகத் தரையிறக்கியதற்காகச் சௌர்ய சக்கரம் பெற்றவர். விருது அறிவித்ததும், 2021 செப்டம்பரில், சண்டி மந்திரில் தாம் படித்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் இறந்த பிறகு அது பத்திரிகைகளில் வந்தது. தாம் சுமாரான மாணவனாகத்தான் இருந்ததாகவும், எல்லாராலும் தொண்ணூறு மார்க்கு வாங்க முடியாது, அதில் குற்றமில்லை, ஆனால் மனம் எதில் பதிகிறதோ அதில் முழுதாக உழைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பள்ளியிலும் பயிற்சியிலும் படையிலும் தம்மோடு இருந்தவர்களுக்கே அந்த விருது சேரும் என்றும் சொல்லியிருந்தார். பதக்கம் கிடைத்ததும் மனிதருக்கு நினைவு வந்த முதல் விலாசங்களில் ஒன்று பழைய பள்ளிக்கூடம்!

என் சிநேகிதர் அந்தக் கடிதத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதை நல்ல தமிழில் எழுதித் தர வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். ஸைனிக் பள்ளிகளில் அந்த ஆண்டு முதல் பெண் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். அவருடைய பேத்தி ஜனவரியில் அமராவதி நகருக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாளாம். கணக்கில் கொஞ்சம் மட்டமாம், அதனால் பயப்படுகிறாளாம்.

எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், வாசற்படியில் நின்று, "பாதத்தை ஈரம் பண்ணித் தரையில வெக்கச் சொல்லிப் பார்த்துட்டனுங்க. நல்ல வளைவா இருக்குது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.